டலேசி எந்தக் கட்சி?

எனிஃபாவுக்கு மனுசர்களில் முக்கால்வாசிப் பேரைப் பிடிக்காது. மிச்சக் கால்வாசியை இன்னும் சந்திக்கவில்லை என்பாள். சில்வா ஏரிக்கரைச் சந்தையில் கருவாட்டுக் கூடையை முன்னால் வைத்து உட்கார்ந்திருப்பாள். பளபளவென்று சட்டை மாட்டிய எவனாவது கடந்து போனால் மூக்கால் ஒரு 'ம்க்கும்' விடுவாள். அது சந்தையின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். போனவனுக்கு அன்று ன்சிமா என்கிற சோளக்களி உருண்டை தொண்டையில் இறங்காது.

ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்துக்குப் போன புருசனையும் அவள் அந்த முக்கால்வாசியில்தான் சேர்த்திருந்தாள். முதல் வருசம் ஒரு போர்வை அனுப்பினான். அப்புறம் ஆளும் வரவில்லை, போர்வையும் வரவில்லை. கையில் மகள் டலேசி மட்டும் மிஞ்சினாள். வாய் ஓயாத பிள்ளை. கருவாட்டை எண்ணிக்கொடு என்றால் ஒன்று, இரண்டு சொல்லிவிட்டு மூன்றாவதைத் தின்றுவிடும்.

இத்தனை கசப்பும் ஊறின நெஞ்சுக்குள் எப்படித்தான் அப்படி ஒரு குரல் இருந்ததோ! எனிஃபா பாட்டெடுத்தால் ஏரியில் வலை இழுக்கிறவன் இழுப்பதை நிறுத்திவிடுவான். கல்யாணமா, அறுவடையா, பெரிய மனுசி சடங்கா, முன்பாட்டுக்கு எனிஃபா, பின்பாட்டைச் சேர்த்துக் கட்ட அடுத்த வீட்டு லெக்சா. இதுதான் நம்பொண்டே ஊரின் வழக்கம். அந்தக் குரல்தான் அவளுக்கு வினையாகவும் வந்து சேர்ந்தது.

ஆயுள் முழுக்க நானே அதிபர் என்று சட்டம் எழுதி வைத்துக்கொண்ட பெரியவர் நாட்டை ஆண்ட காலம் அது. அவர் விமானத்திலிருந்து இறங்கினாலும் பெண்கள் ஆட வேண்டும், காரிலிருந்து இறங்கினாலும் ஆட வேண்டும், சும்மா சோள வயலைப் பார்த்துத் தலையாட்ட வந்தாலும் ஆட வேண்டும். நாட்டுப் பெண்களுக்கெல்லாம் நானே தாய்மாமன் என்று வேறு சொல்லிக்கொள்வார். மருமக்களை மாட்டு லாரியில் அடைத்துக் கூட்டிவரச் சொல்லும் தாய்மாமன்! சீர் கொடுக்காவிட்டால் போகிறது, சிறுநீர் கழிக்க ஒரு இடத்தில் நிறுத்தவாவது சொல்லியிருக்கலாம்.

ஆடப் போகிறவர்களுக்குக் கட்சித் துணி உண்டு. காசு கொடுத்து வாங்க வேண்டும். அதில் பெரியவர் முகத்தை வட்டம் வட்டமாக அச்சடித்திருப்பார்கள். மாரில் ஒரு முகம், இடுப்பில் ஒரு முகம், சுற்றிக் கட்டினால் பின்பக்கம் ஒரு முகம். அந்தப் பின்பக்கத்து முகத்தின் மேல் உட்கார்ந்தால் குற்றம். துணியை முழங்கால் வரைக்கும் தூக்கிக்கொண்டு, உள்பாவாடை மண்ணில் பட உட்கார வேண்டும். தூக்க மறந்து உட்கார்ந்த ஒரு கிழவியைச் சந்தை நடுவில் முட்டி போட வைத்தான் பிசேகி. நாட்டைக் காப்பாற்றிவிட்ட பெருமிதம் அவன் முகத்தில் வழிந்தது.

இந்த பிசேகி கட்சி இளைஞர் படையின் உள்ளூர்த் தலைவன். சிவப்புச் சட்டை, கழுத்தில் தொங்கும் ஊதல். வேறு எந்த வேலையும் அவனுக்குத் தெரியாது. வலை வீசினால் தன் காலையே பிடிப்பான். ஆனால் லாரி நிரப்பத் தெரியும். ஊதலை ஊதிக்கொண்டு வீடு வீடாக வருவான். அவன் தெருவைத் தாண்டுவதற்குள் தெருவில் பெண்கள் இருக்க மாட்டார்கள், லாரியில் இருப்பார்கள். காரியம் ஆகணும் என்றால் எனிஃபாவை 'அக்கா' என்பான். சிவப்புச் சட்டை போட்டிருந்தால் 'ஏய்' என்பான்.

ஒரு ஜூலை மாதச் சுதந்திர விழாவுக்கு அப்படி லாரி வந்து நின்றபோது டலேசிக்குக் காய்ச்சல். நாலு வயசுப் பிள்ளை பாயில் சுருண்டு கிடந்தது. எனிஃபா வாசலில் வந்து நின்றாள்.

"பிசேகி, புள்ளைக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்குது. இந்த ஒரு தடவை என்னை விட்டுடு."

"ஏய், காய்ச்சல் வர்றதுக்கு ஒம் மவளுக்கு வேற நாளே கெடைக்கலையா? விழா முடிஞ்சதும் வரச் சொல்லு."

லாரி மேல் நின்ற அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள்.

"வெளையாடாத. ஒன் கால்ல வேணாலும் விழுறேன்."

"பாட்டெடுக்கிறவ இல்லாம லாரி போனா மேல இருக்கறவங்க என் தோலை உரிச்சிருவாங்க. ஏறு, ஏறு. ஒங்க அக்கா பாத்துக்குவா."

தன் அக்காவிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஏறினாள். வேறென்ன செய்ய முடியும்? ஏறாத ஒருத்தியின் புருசனைப் போன வருசம் கூட்டிக்கொண்டு போனார்கள், இன்னும் திரும்பவில்லை. பிளாண்டயர் மைதானத்தில் நாலு நாள் ஆடினாள். பெரியவர் தூரத்தில் ஈ விரட்டும் குஞ்ச விசிறியை ஆட்டினார். பல் தெரியச் சிரிக்க வேண்டும் என்று உத்தரவு. சிரித்தாள்.

திரும்பி வந்தபோது டலேசி வீட்டில் இல்லை. அவள் வரும்வரை அந்தச் சின்ன உடம்பை எத்தனை நேரம் வைத்திருக்க முடியும்? குழி வெட்டுகிறவர்கள் வந்து இடுகாட்டு மரக்கூட்டத்துக்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனிஃபா வாசல் மண்ணில் அப்படியே காலை நீட்டி உட்கார்ந்தாள். லாரியிலிருந்து இறங்கிய பெண்கள் எல்லாரும் வந்தார்கள். லெக்சா வந்தாள். எழவு வீட்டில் எப்படி உட்கார வேண்டுமோ அப்படித் தரையில் கால் நீட்டி, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து முதல் அழுகையை எடுத்தார்கள். அப்போதுதான் பிசேகியின் ஊதல் சத்தம்.

"விழா வாரம்! கொடி எறங்கல! பெரியவர் சந்தோசமா இருக்கற வாரத்துல ஊருக்குள்ள ஒப்பாரி கேட்டுதுன்னு எவனாவது மேல எழுதினா என்ன ஆகும் தெரியுமா? எந்திரிங்க. எல்லாரும் எந்திரிங்க!"

எழுந்தார்கள். எல்லாரும் எழுந்தார்கள். லெக்சாவும் எழுந்தாள், மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு போனாள். எனிஃபா மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தனியாக உட்கார்ந்தால் அது எழவு ஆகாது, அசதியில் உட்கார்ந்தது மாதிரித்தான் இருக்கும். பிசேகியை அவள் அன்றைக்குப் புதிதாக வெறுக்கவில்லை, அவன் எப்போதுமே அப்படித்தான். எழுந்து போனவர்களைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

இடுகாட்டு மரக்கூட்டத்துக்குள் சும்மா போய்வர முடியாது. சாவு விழுந்தால்தான் போகலாம். அடுத்த சாவு மழைக்காலம் முடிந்த பிறகு விழுந்தது. அதற்குள் சின்ன மேடுகள் எல்லாம் கரைந்து போயிருந்தன. எது என் பிள்ளை என்று குழி வெட்டுகிறவர்களிடம் கேட்டாள். ஒருவன் இதுதான் என்றான், இன்னொருவன் இல்லை அதுதான் என்றான். அவர்கள் அவள் முன்னாலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவள் எந்தப் பாட்டுக்கும் வாயைத் திறக்கவில்லை. லாரியில் ஏற்றினால் ஏறுவாள், மைதானத்தில் வேறொருத்தி பாட்டெடுக்க, இவள் உதட்டை மட்டும் அசைப்பாள். பிசேகிக்கு அது தெரியாது. அவன் பாட்டைக் கேட்டதே இல்லை, தலையைத்தான் எண்ணுவான்.

அப்புறம் காலம் மாறியது. தேவாலயங்களில் கத்தோலிக்க ஆயர்கள் பெரியவரைக் கண்டித்து எழுதிய கடிதத்தை வாசித்தார்கள். நகரத்தில் ஆலைக்காரர்கள் வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள். மாணவர்கள் கல்லெடுத்தார்கள். வெளிநாட்டுக்காரன் காசு தர மாட்டேன் என்றதும் பெரியவருக்கு ஜனங்களின் ஞாபகம் வந்துவிட்டது. ஒரே கட்சி போதுமா, பல கட்சி வேண்டுமா, ஓட்டுப் போட்டுச் சொல்லுங்கள் என்றார். ஒரே கட்சி என்றால் சேவல் படம். பல கட்சி என்றால் அரிக்கேன் விளக்குப் படம்.

அந்த வாரச் சந்தைக்கு எனிஃபா கருவாட்டுக் கூடையோடு ஒரு அரிக்கேன் விளக்கையும் கொண்டு வந்தாள். உச்சி வெயிலில் ஏற்றிக் கூடைமேல் வைத்தாள். பிசேகி பாய்ந்து வந்தான்.

"ஏய், பட்டப்பகல்ல எதுக்கு வெளக்கு?"

"எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு தம்பி. சந்தையில மனுசன் எவனாவது இருக்கானான்னு தேடறேன்."

சந்தை குபீரென்று சிரித்தது. அவன் விளக்கை உதைத்தான். கண்ணாடி நொறுங்கியது. அடுத்த வாரம் சந்தையில் விளக்கில்லாத கடையே இல்லை. தக்காளிக்காரி, மண்பானைக்காரி, சைக்கிளுக்கு ஒட்டுப் போடுகிறவன், எல்லார் முன்னாலும் வெயிலில் விளக்கு எரிந்தது. எத்தனையை உதைப்பான்? அவன் கால் வீங்கியதுதான் மிச்சம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் எனிஃபா வாயைத் திறந்தாள்.

"வெளக்கைத் தூக்கு, வெளக்கைத் தூக்கு,
மரக்காட்டுக்குள்ள யாரைத் தேட?"

பின்பாட்டுக்கு யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. லெக்சாதான் முதலில் பதில் எடுத்தாள்: "டலேசி! டலேசி!" பிறகு எல்லாரும்.

அந்தப் பாட்டு ஏரியைச் சுற்றி ஓடியது. டலேசி யாரென்று தெரியாத ஊர்களில்கூடப் பெண்கள் விளக்கோடு கூடி நின்று, மரக்காட்டுக்குள்ளே யாரைத் தேட என்று கேட்டு, டலேசி டலேசி என்று பதில் சொன்னார்கள். யாரும் லாரி அனுப்பவில்லை. நடந்தே வந்தார்கள். விளக்கு ஜெயித்தது.

சேவல் தோற்ற மறுவாரமே பிசேகி சட்டையை மாற்றினான். சிவப்புச் சட்டையைப் பொண்டாட்டி தரை துடைக்க எடுத்துக்கொண்டாள். நான் உள்ளுக்குள்ளே எப்போதுமே விளக்குதான் என்று சந்தையில் நின்று சொன்னான். சொல்லும்போது அவன் கண் கலங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதைவிடக் கேவலம், புதுக்கட்சி அவனை வாரி அணைத்துக்கொண்டது. பொதுத்தேர்தல் வருகிறது, கூட்டம் சேர்க்க வேண்டும், லாரி நிரப்பத் தெரிந்தவன் வேண்டுமே! உதை வாங்கியவர்களில் ஒருவருக்கும் லாரி நிரப்பத் தெரியாது. ஆக, விளக்கை உதைத்த அதே காலோடு பிசேகி விளக்குக் கட்சியின் வேட்பாளர் ஆனான்.

ஒருநாள் எனிஃபாவின் கூடை முன்னால் வந்து குந்தினான். கையில் புதுத் துணி இரண்டு. அதில் புதுக்கட்சித் தலைவரின் முகம். வட்டம்கூட அதே அளவு.

"அக்கா, நல்லா இருக்கியா?"

"ம்க்கும்."

"தலைநகர்லேர்ந்து பெரிய ஆளு வர்றாரு. நாளைக்கே மந்திரி ஆகப்போறவரு. மைதானத்துல கூட்டம். ஒம் பாட்டைத்தான் பாடணும்னு நான் சண்டை போட்டு வாங்கியிருக்கேன்."

"யார்கிட்ட சண்டை போட்ட? அது என் பாட்டுல்ல?"

"ஒண்ணும் மாத்த வேணாம்க்கா. ஒரே ஒரு பேரை மட்டும். மரக்காட்டுக்குள்ள யாரைத் தேடன்னு நீ கேக்கற. 'பிசேகி! பிசேகி!'ன்னு அவங்க சொல்லட்டும். தாளத்துக்கு அப்படியே உக்காருது, நான் போட்டுப் பாத்துட்டேன்."

எனிஃபா அவனையே பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. இப்படி ஒரு பிறவி எப்படி இருக்க முடியும் என்ற ஆச்சரியம்தான் வந்தது.

"எம் மவ பேரை எடுத்துட்டு ஒம் பேரை வைக்கணும்."

"கோவிச்சுக்காத அக்கா. யோசிச்சுப் பாரு. செத்துப்போன புள்ளைக்கு ஓட்டா விழப்போவுது?"

கருவாட்டைப் புரட்டும் குச்சியை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"எந்திரி. அந்த மரக்காட்டுக்குள்ள போ. எம் புள்ளை எந்த மேட்டுல கெடக்குன்னு பாத்துட்டு வா. அப்பறம் பேரை மாத்தறதப் பத்திப் பேசுவோம்."

"இப்ப ஜனநாயகம் வந்தாச்சு. பாட்டு எல்லாருக்கும் பொது," என்று எழுந்து, துணியை எடுத்துக்கொண்டு நேரே லெக்சா வீட்டுக்குப் போனான்.

லெக்சா துணியை வாங்கிக்கொண்டாள். அதோடு முன்பாட்டையும் ஒப்புக்கொண்டாள். எனிஃபா வேலி மேல் எட்டிப் பார்த்துக் கேட்டாள். "வெக்கமா இல்லையாடி ஒனக்கு?"

"துணி ஒண்ணுகூட இல்லக்கா எங்கிட்ட. இது கிழிஞ்சு தொங்குது பாரு."

"கிழிஞ்சதைக் கட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போனவதான நீ. புதுசைக் கட்டிக்கிட்டும் போ."

அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூட வாசலில் பிசேகி பெண்களை நிற்கவைத்துப் பழக்கினான். யாரைத் தேட, பிசேகி பிசேகி. யாரைத் தேட, பிசேகி பிசேகி. காற்று அந்தப் பக்கம் அடித்தால் எனிஃபா வீட்டுக்குக் கேட்கும். கதவைச் சாத்திக்கொள்வாள். பிள்ளையின் மேடு கரைந்து போயிருந்தது, அவளிடம் மிஞ்சியிருந்தது ஊர் வாயில் அந்தப் பேர் ஒன்றுதான். அதையும் வழித்து எடுக்கிறானே என்று நெஞ்சு எரிந்தது.

கூட்டத்துக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் மைதானம் சந்தைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலி ஓரமாக நின்றாள். எத்தனை கேவலம் என்பதை முழுசாகப் பார்த்துவிட வேண்டும் போல இருந்தது.

லாரி லாரியாகப் பெண்கள் வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் புதுத் துணி, மாரில் ஒரு முகம், இடுப்பில் ஒரு முகம், பின்பக்கம் ஒரு முகம். மேடையில் வருங்கால மந்திரி உட்கார்ந்திருந்தார். பழைய பெரியவருக்கு எத்தனையோ வருசம் பெட்டி தூக்கியவர், இப்போது சர்வாதிகாரத்தைப் பற்றிப் பேச வந்திருந்தார். பக்கத்தில் பிசேகி கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மேளம் எழுந்தது. லெக்சா எடுத்தாள். "வெளக்கைத் தூக்கு, வெளக்கைத் தூக்கு, மரக்காட்டுக்குள்ள யாரைத் தேட?"

"பிசேகி! பிசேகி!" என்றது கூட்டம். சுத்தமாக, பழக்கினபடி. பிசேகி எழுந்து கும்பிட்டான்.

இரண்டு சுற்று, மூன்று சுற்று. மேளக்காரர்களுக்குச் சூடு ஏறியது. பெண்களின் கால் வேகம் பிடித்தது. புழுதி கிளம்பியது. கால் சூடேறிவிட்டால் வாயைப் பிடித்து நிறுத்த யாரால் முடியும்? ஒரு வருசமாகச் சோளம் இடிக்கும்போதும் தண்ணீர் சுமக்கும்போதும் பாடிய பாட்டு. ஏதோ ஒரு மூலையில் நாலைந்து வாய்கள் "டலேசி" என்றன. அடுத்த சுற்றில் அந்தப் பக்கம் முழுக்க. அதற்கடுத்த சுற்றில் லெக்சா கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் மைதானமே சொன்னது:

"டலேசி! டலேசி!"

எனிஃபா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பிசேகி கையை ஆட்டினான். வாயைக் குவித்துத் தன் பேரைச் சொல்லிக் காட்டினான். கை தானாக மாருக்குப் போய் ஊதலைத் தேடியது, ஊதல் இல்லை, டைதான் இருந்தது. வருங்கால மந்திரி அவன் பக்கம் சாய்ந்தார். ஒலிபெருக்கி முன்னால் இருப்பதை இரண்டு பேருமே மறந்திருந்தார்கள்.

"யாருய்யா அது டலேசி? எந்தக் கட்சி?"

பிசேகி டையைத் தடவிக்கொண்டான். "நம்ம... நம்ம கட்சிதாங்கய்யா. மகளிர் அணி."

"இவ்வளவு செல்வாக்கா! என்கிட்ட யாருமே சொல்லலியே!"

எழுந்தார். கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தினார். "சகோதரி டலேசி வாழ்க! நம்ம ஆட்சியில சகோதரி டலேசி மாதிரி ஆளுங்களுக்குத்தான் மரியாதை! எங்க இருக்கீங்கம்மா டலேசி? கூச்சப்படாம மேல வாங்க! உங்களுக்கு இங்க நாற்காலி போடச் சொல்றேன்!"

ஒரு பையன் உண்மையிலேயே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மேடை நடுவில் போட்டான். "வாங்கம்மா!" என்றார் அவர் மறுபடியும், அந்தக் காலி நாற்காலியைக் காட்டி.

லெக்சாதான் முதலில் உட்கார்ந்தாள். துணியைத் தூக்கவில்லை. பின்பக்கத்து முகத்தின் மேலேயே, புழுதியில், காலை நீட்டி உட்கார்ந்து முதல் அழுகையை எடுத்தாள். பக்கத்தில் இருந்தவள் உட்கார்ந்தாள். அப்புறம் வரிசை வரிசையாக. டலேசியை அறிந்தவர்கள் உட்கார்ந்ததைப் பார்த்து அறியாதவர்களும் உட்கார்ந்தார்கள். அந்த ஒலியைக் கேட்டு நின்றுகொண்டிருக்க எந்தப் பெண்ணாலும் முடியாது. தலைவரின் முகங்கள் எல்லாம் புழுதிக்குள் போயின. மைதானம் எழவு வீட்டு வாசல் ஆனது.

எனிஃபா கூடையைக் கீழே வைத்தாள். கூட்டம் வழிவிட்டது. லெக்சாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு எந்திரிச்சுப் போனேன்லக்கா..." என்று லெக்சா அவள் தோளில் சாய்ந்தாள்.

"வாயை மூடுடி. கொஞ்சம் தள்ளி உக்காரு, காலை நீட்ட முடியல."

நீட்டினாள். பிறகு ஓவென்று அழுதாள். ஊர் அவளோடு சேர்ந்து அழுதது.

பிசேகி மேடையிலிருந்து குதித்து ஓடி வந்தான். கோட்டு ஒரு தோளிலிருந்து நழுவியது. "எந்திரிங்க! எல்லாரும் எந்திரிங்க! மொகம்! மொகத்து மேல உக்காந்திருக்கீங்க!"

ஒருத்தியும் அசையவில்லை. எனிஃபா துணி முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயும் உக்காரு பிசேகி. எழவு வீட்டுல நின்னுக்கிட்டு இருக்கக் கூடாது."

உட்காரலாமா என்று பிசேகி திரும்பி மேடையைப் பார்த்தான்.